ஒரு சுற்றுக்குப் பதினேழு நிமிஷம்

விசில் ஊதியாயிற்று, இனிமேல் இறங்க முடியாது என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கொண்டாள். ரயில் ஒருமுறை பின்னால் போய் இடித்துவிட்டு முன்னால் நகர்ந்தது. பெட்டி மொத்தமும் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தம் மட்டும் மாறவே இல்லை. எஞ்சினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், மரப்பலகையை எடுத்துவிட்டு ஆரஞ்சு நிறத்தில் வழுக்குகிற இருக்கை போட்டுவிட்டார்கள், ஏறுகிற இடத்தில் குறுக்கே சங்கிலி மாட்டியிருக்கிறார்கள், அப்போது சங்கிலி கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஐந்து வயதுப் பையன்கூட யாருக்கும் தெரியாமல் ஏறலாம், ஆனால் சத்தம் அதே சத்தம்தான், முப்பத்தாறு வருஷமாக அவள் காதுக்குள் எங்கேயோ இது ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டவுடன் இப்படி அடையாளம் தெரியாது. டிக்கெட் கொடுத்த இடத்தில் பலகையில் எழுதியிருந்தது, முத்துக்கரைப் பூங்கா, ஐம்பதாம் ஆண்டு, சிறு ரயில், ஒரு சுற்று பதினேழு நிமிடம். பதினேழு நிமிஷத்துக்குள் தயாவிடம் சொல்லியாக வேண்டும். எதிர் இருக்கையில் தம்பி தயாளன் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முன்பக்கம் முடி கொஞ்சம் ஏறிவிட்டது, மஸ்கட் வெயில் முகத்தைக் கறுப்பாக்கியிருந்தது, நாற்பத்தொரு வயது, ஆனாலும் ரயில் நகர்ந்ததும் அவன் உதட்டோரம் வந்த சிரிப்பு ஐந்து வயதுச் சிரிப்பு. அவள் பக்கத்தில் அவன் மகள் மிருதுளா, ஏழு வயது, கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையை அவள் பக்கத்தில் உட்காரவைத்தது தயாதான். வேண்டுமென்றே வைத்தானா, அப்படியே அமைந்ததா, கேட்க முடியாது. மங்கை தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கம்பெனி அவனைப் பாலைவனத்துக்குள் ஒரு கேம்ப்புக்கு மாற்றுகிறது, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, மஸ்கட்டில் மனைவி சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு நாலு நாள் இரவு டியூட்டி, குழந்தையை வீட்டில் தனியாக விட வழியில்லை, அதனால் இரண்டு வருஷத்துக்கு மட்டும், அக்கா, உன்கிட்ட இருக்கட்டும். அவள் கணவர் சந்தானம் தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமலே, அதுக்கென்ன, தாராளமா, என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு, உங்க அக்கா இஷ்டம்ப்பா, என்று திருத்திக்கொண்டார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து மூன்று காரணம் கண்டுபிடித்தாள். நான் காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்டா. சந்தானம் ஒன்பதரைக்குத்தான் கிளம்புகிறார், அவர் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவார் என்றான். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குழந்தைக்கா கால் வலிக்கப்போகுது என்றான். அவ அம்மாவை விட்டு இருக்க மாட்டா. அதை அவளிடமே கேட்டுவிட்டோம், உன் வீட்டுப் பூனைக்குட்டி வளர்ந்துவிட்டதா என்று கேட்கிறாள் என்றான். நாலாவது காரணம் ஒன்று இருந்தது. அது ஒன்றுதான் உண்மையான காரணம், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிற சந்தானத்திடம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க நாளைக்குக் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். இன்றைக்கு, எல்லா இடத்தையும் விட்டுவிட்டு, இங்கே வரலாம் என்று சொன்னவன் அவன்தான். மிருதுவுக்குக் காட்டணும்க்கா, நான் தொலைஞ்ச இடத்தை, என்றான், கோயில் தேரைக் காட்டப்போகிற மாதிரி.

"அத்தை, அந்தக் கடல்கன்னிக்கு மூக்கு ஏன் அப்படி இருக்கு?" என்றாள் மிருதுளா. வாசல் வளைவுக்குப் பக்கத்தில் சிமென்ட்டில் செய்த கடல்கன்னி, உடைந்த மூக்கைச் சாந்து பூசிச் சரிசெய்ததில் உருளைக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தது. "கீழ விழுந்திருக்கும்மா" என்றாள் மங்கை. "சிலை எப்படி விழும்?" என்றது குழந்தை. அதற்குள் ரயில் வளைந்து கடல்கன்னி பின்னால் போய்விட, வலது பக்கம் ராட்டினம் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தாள், ஆனாலும் கண் போய்விட்டது. அவ்வளவு பெரிய ராட்டினம் இல்லை அது. பதினொரு வயதில் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றதே, இப்போது பார்த்தால் அவர்கள் அடுக்குமாடி வீட்டு உயரம்தான் இருக்கும். அன்றைக்கு அந்த ராட்டினம் அவளுடையதாக இருந்தது. ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கினால் முத்துக்கரைக்குக் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று அப்பா பொங்கலுக்கே சொல்லியிருந்தார். மே மாதம் அப்பா ஆபீஸில் குடும்பச் சுற்றுலாவுக்குப் பஸ் பிடித்தார்கள், பெரம்பூரிலிருந்து புளிசாதமும் முறுக்கும் பாட்டுமாக வந்து இறங்கினார்கள், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, முறை வந்து, கூண்டுக் கதவைத் திறந்து, அவள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்த பிறகு, தயா அழ ஆரம்பித்தான். அவன் ஏற வேண்டியதே இல்லை. அப்பாவும் அவளும் ஏறப்போகிறார்கள், அவன் கீழே அம்மா இடுப்பில் இருக்கப்போகிறான். ஆனாலும் அப்பா போகிறார் என்று மூச்சு பிடித்து, முகம் நீலமாகிறவரை அழுதான், அப்பா அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார், தம்பி அழறான் பாரு, அடுத்த தடவை ஏறலாம், என்றார். உள்ளே வைத்த கால். அந்த இரும்புத் தகட்டின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது இன்னும் தெரிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை, முத்துக்கரை என்ற பேரே வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது, அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம், அம்மா போய் இரண்டு வருஷம்.

அதற்குப் பிறகுதான் அது. அப்பா ஐஸ் வாங்கப் போனார், அவளைச் சமாதானப்படுத்தத்தான், அதுவும் ஞாபகம் இருக்கிறது, அவளுக்குப் பிடித்த சேமியா ஐஸ்தான் வாங்கப் போனார். அம்மா கழிப்பறைக்குப் போனாள், தம்பி கையைப் பிடிச்சுக்கோ, விடாதே, என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் கை பிசுபிசுவென்று இருந்தது, முறுக்குத் தின்ற கை, அழுகையெல்லாம் போன இடம் தெரியவில்லை, எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கை தவறிப் போகவில்லை. யாரும் வந்து இடிக்கவும் இல்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு ராட்டினத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு இருபது வரை எண்ணினாள். இருபதுக்குள் அவன் இல்லாமல் போய்விட்டால் போகட்டும் என்று நினைத்தாளா, அல்லது இருபது எண்ணிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாளா, முப்பத்தாறு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறாள், ஒரு நாள் இது, ஒரு நாள் அது. பதினைந்தில் திரும்பியிருக்கலாம். பதினெட்டில் ஒரு சந்தேகம் வந்தது, அப்போதாவது திரும்பியிருக்கலாம். அவள் மருந்தாளுநராகி அரசு ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை எண்ணுகிறபோது, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டில் விரல் தானாக நிற்கும், ஏம்மா தூங்கிட்டியா என்று வரிசையில் யாராவது கேட்பார்கள். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. மண்தான் இருந்தது. வெயில் இருந்தது. கூட்டமே இல்லை அங்கே. அம்மா வந்து கேட்டபோது, கூட்டம் இடிச்சிடுச்சும்மா, என்றாள்.

"மெதுவாப் போகுதுல்ல" என்றான் தயாளன். "அப்போ பயங்கர ஸ்பீடுன்னு நெனச்சேன்." அவள் தலையாட்டினாள். ரயில் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்திருந்தது, நிழல் மிருதுளாவின் முகத்தில் கோடு கோடாக ஓடியது, முன் பெட்டியில் யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரித்தார்கள், உப்புக் காற்றில் மிளகாய் வாசனை. குழந்தை திடீரென்று எழுந்து இருக்கைமேல் முட்டி போட்டு வெளியே எட்டிப் பார்த்தது. மங்கையின் கை பாய்ந்து போய்ப் பாதியில் நின்றது, குழந்தையின் கவுனுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்றது, தொடவும் இல்லை, திரும்பவும் இல்லை. இதைத் தயா பார்த்தானா. பார்த்தான். தன் காலை நீட்டிக் குழந்தைக்கும் சங்கிலிக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். இதுதான் விஷயம், இதுதான் நாலாவது காரணம், இந்தக் கை. இரண்டு முறை அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது, இரண்டாம் முறை டாக்டர் அம்மா, உங்கமேல ஒரு தப்பும் இல்லைம்மா, என்று எத்தனையோ விளக்கம் சொன்னார், அவளும் மருந்து படித்தவள், எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சரிதான், இந்தக் கையில எப்படித் தங்கும், என்று நினைத்தாள். சந்தானம் தத்தெடுக்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொன்னதும் இதே கைதான். இரண்டு வருஷம். எழுநூற்று முப்பது நாள். அதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜுரமோ தலைவலியோ ஆஸ்பத்திரியில் யாரிடமாவது வாங்கிய திட்டோ, குழந்தை எதற்கோ சிரிக்கும், அவளுக்குத் தாங்க முடியாமல் போகும். போகாது என்று யார் சொன்னது.

கடல் இன்னும் கண்ணுக்குப் படவில்லை, ஆனால் சத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு எல்லாரும் கடல் பக்கம்தான் ஓடினார்கள். ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேர் தயா, தயா என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பா சட்டையோடு, கால்சட்டையோடு, பையில் பேனாவோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார், ஒவ்வொரு அலைக்கும் குனிந்து கையால் துழாவினார், தரையில் எதையோ தவறவிட்டவர் மாதிரி. அம்மா மணலில் ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் வந்து நின்று, கடல் எடுத்திருந்தா இந்நேரம் இந்தப் பக்கமே குடுத்திருக்கும்மா, பையன் உள்ளதான் எங்கயாவது இருப்பான், என்று ஆறுதலாகச் சொன்னார், அம்மாவுக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. மைக்கில் சொல்வதற்கு அடையாளம் கேட்டபோது அம்மா, நீலச் சட்டை, என்றாள். நீலம் இல்லை, மஞ்சள். நீலச் சட்டையைக் காலையில் போட்டு, பால் கொட்டி, மாற்றிவிட்டது மங்கைதான். மஞ்சள் என்று சொல்ல வாயைத் திறந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, சொன்னால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும் என்று பயம், நீலச் சட்டை, ஐந்து வயது, தயாளன் என்று பூங்கா முழுக்க ஒலிபெருக்கி கத்தியது, மஞ்சள் சட்டைப் பையனை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் கரையில் தேடிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் முதுகுக்குப் பின்னால் இந்த ரயில் ஊதிக்கொண்டு போயிற்று, வந்தது, போயிற்று. கடைசிப் பெட்டியில் அவன் இருந்தான். ஐந்து சுற்று. டிரைவர் வேலைக்காரர் யாரோ ஒருவருடைய பிள்ளை என்று நினைத்துவிட்டாராம், சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியபோது பார்த்தால் பையன் பலகையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறான். அம்மா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழவே இல்லை, சட்டையைத்தான் திரும்பத் திரும்பத் தடவினாள், மஞ்சள், மஞ்சள் என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் கொடுமை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். ரோட்டைக் கடக்கும்போது அம்மா இந்தப் பக்கம் வந்து தயாவின் கையைத் தான் பிடித்துக்கொள்வாள், அவளிடம் விடமாட்டாள். இவன் ஓடுகாலிப் பய, கையை விட்டா ஓடிடுவான், என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது அம்மாவின் கண் ஒரு நிமிஷம் மங்கைமேல் நிற்கும், அல்லது நிற்கிற மாதிரி மங்கைக்குத் தோன்றும், எனக்குத் தெரியும்டி, உனக்காகத்தான் பழியை அவன்மேல போடறேன், என்று அந்தக் கண் சொல்லும். கடைசி நாட்களில் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வந்தாள், மூச்சு வாங்கியது, பேச வேண்டாம்மா என்று அவள்தான் தடுத்தாள், ஏன் தடுத்தாள், மூச்சு வாங்கியதாலா.

"குகை வருது, குகை வருது" என்று முன் பெட்டிப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். சிமென்ட்டில் பாறைபோல் கட்டிய ஒரு சுரங்கம், வாயில் சிங்கத் தலை, உள்ளே அரை நிமிஷம் முழு இருட்டு. மிருதுளா தானாகவே நகர்ந்து வந்து அவள் இடுப்பில் ஒட்டிக்கொண்டாள். வெயில் பட்ட தலைமுடியின் வாசனை. ரயில் உள்ளே போனது, எல்லாப் பெட்டியிலிருந்தும் ஓவென்று கூச்சல் எழுந்தது, மிருதுளாவும் கத்தினாள், அந்த இருட்டில், யார் முகமும் தெரியாத அந்த இடத்தில், தான் பேசுவது தனக்கே கேட்காத அந்த நேரத்தில், மங்கை வாயைத் திறந்து சொன்னாள். சொல்லியே விட்டாள். தயா, அன்னைக்குக் கூட்டம் இடிக்கலைடா, நான்தான் உன் கையை விட்டேன், வேணும்னேதான் விட்டேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. வெளிச்சம் வந்தது. இடது பக்கம் மொத்தமும் கடல்.

"என்ன சொன்னே? காதுல விழலை" என்றான் தயாளன்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கடல் அழகா இருக்குன்னு சொன்னேன் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் மீதி ஆயுசுக்கும் அதோடு இருக்கலாம், பழகிப்போனதுதானே. பதினேழில் பாதிக்கு மேல் போயிருக்கும். தயா தன் போனை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்து, அம்மாவுக்குக் கடலை வீடியோ எடு, ஆடாமப் பிடிக்கணும், என்றான். மிருதுளா எதிர்ப்பக்கம் போய் அவன் முழங்கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைக் கடலுக்கு நேராகப் பிடித்தாள், அம்மா, இது கடல், இது படகு, என்று தனக்குத்தானே சொல்லத் தொடங்கினாள். அவன் குனிந்து மங்கையின் முகத்துக்குக் கிட்டே வந்தான். "சொல்லுக்கா."

அவள் சொன்னாள். வெளிச்சத்தில் சொல்வது வேறு மாதிரி இருந்தது. ராட்டினத்தில் வைத்த காலிலிருந்து தொடங்கினாள், விரலைச் சொன்னாள், எண்ணியதைச் சொன்னாள், மஞ்சள் சட்டையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. "இப்பச் சொல்லு, உன் பொண்ணை என்கிட்டயா விடறே?" என்றாள்.

 அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. கோபம் வரும் என்று நினைத்தாள், அதிர்ச்சி வரும் என்று நினைத்தாள், அல்லது விடுக்கா சின்ன வயசுல என்று ஒரு கைவீச்சு வரும், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்று நினைத்தாள். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான், மறுபடி திறந்தான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ விட்டது. ஒவ்வொரு விரலா எடுத்தே. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு உதட்டை அசைச்சுக்கிட்டிருந்தே. ஒண்ணு, ரெண்டுன்னு. கண்ணாமூச்சின்னு நெனச்சேன். ஓடிப்போய் ரயில்ல ஒளிஞ்சேன். நீ வந்து கண்டுபிடிப்பேன்னு ரொம்ப நேரம் சீட்டுக்கு அடியில படுத்திருந்தேன், அப்புறம் ரயில் ஓட ஆரம்பிச்சுது, பலகைமேல ஏறிப் படுத்துக்கிட்டேன், அது நல்லா இருந்துது, தூங்கிட்டேன்."

கண்ணாமூச்சி. அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார இடம் தெரியாமல் நின்றது. அவள் எண்ணியதை அவன் பார்த்திருக்கிறான். அந்த இருபதும் அவனுக்காக எண்ணியது என்று நினைத்து, சிரித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். "அது விளையாட்டு இல்லடா" என்றாள், இந்த வழியாகத் தப்பித்துவிடக்கூடாது என்று பிடிவாதமாக.

"அதுவும் தெரியும். எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் சும்மா உக்காந்திருந்தப்ப டக்குனு புரிஞ்சுது. அன்னைக்கு நீ விளையாடலை, உன் மூஞ்சி விளையாடற மூஞ்சி இல்லைன்னு. ஒரு வாரம் உன்கூடப் பேசலை, ஞாபகம் இருக்கா? ஏன்டா ஏன்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தே."

இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்ச் சாப்பிட்டான், அம்மாகூட, இவனுக்கு மீசை முளைக்குதுடி, அதான், என்றாள். "அப்புறம் ஏன் பேசினே?"

"பரீட்சைக்குப் பேனா பெட்டியை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டேன். நீ காலேஜுக்குப் போகாம மழையில சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வந்து ஜன்னல் வழியா குடுத்தே. சேலையெல்லாம் சேறு. அதுக்கு மேல எப்படிக் கோபமா இருக்கிறது? அதோட விட்டுட்டேன்." அவன் மகளின் தலையைத் தாண்டிக் கடலைப் பார்த்தான். "இவ பொறந்தப்புறம் யோசிச்சுப் பாத்தேன். பதினோரு வயசு. இவளைவிட நாலு வயசு பெரிய பொண்ணு. அவ்வளவுதான் நீ அப்போ. அவ்வளவு சின்னப் பொண்ணைப் போய் எவ்வளவு நாளைக்கு அடிச்சுச் சாத்தறதுன்னு தோணிச்சு. நீ இன்னும் உன்னையே சாத்திக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியாது."

"அம்மாவுக்கு?" என்றாள்.  "அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு என்ன தெரியும்? திரும்பி வரும்போது பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. ஒளிஞ்சு விளையாடினேன்னு சொன்னா அடிப்பாங்கன்னு, ரயில் பாக்க நானே கையை உதறிட்டு ஓடிட்டேன்னு சொன்னேன். சாகிறவரைக்கும் அதைத்தானே நம்பினாங்க. அதனாலதானே ஓடுகாலி, ஓடுகாலின்னு என் உயிரை எடுத்தாங்க. காலேஜ் போறப்பகூட ரோட்டுல கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்க, மானம் போகும்."

மங்கை இருக்கையில் பின்னால் சாய்ந்தாள். அப்படியென்றால் அம்மா இந்தப் பக்கம் வந்து அவன் கையைப் பிடித்தது அவளிடம் விடக்கூடாது என்றில்லை, அவன் ஓடிவிடுவான் என்றுதான். அப்படியென்றால் அந்தக் கண் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கண் வெறும் அம்மா கண், பேச்சு நடுவில் மகள் நின்றுகொண்டிருப்பதால் மகளைப் பார்த்த கண், அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், மாவுமில் வாசலில், தேர்க்கூட்டத்தில், கல்யாணத்தன்று மணவறையில், சீமந்தம் நடக்காமல் போன அந்த வருஷம் கோயிலில், அம்மா பார்த்த பார்வையையெல்லாம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், எதிலும் அது இல்லை. அவளே எழுதி அவளே படித்திருக்கிறாள். கட்டிலில் மூச்சு வாங்கச் சொல்ல வந்தது என்னவாக இருந்திருக்கும். பால் கார்டு எங்கே இருக்கிறது என்றோ, சந்தானத்துக்குச் சாப்பாடு ஆயிற்றா என்றோ இருந்திருக்கும், அம்மா அப்படித்தான், சாகும்போதும் அடுப்பை அணைத்தாயா என்று கேட்கக்கூடியவள். மங்கைக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு சிரிப்பும் வந்தது, முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடம்பில் எங்கேயோ இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு தசை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத ஒரு தசை, தானாகத் தளர்ந்தது, தோள் இரண்டும் கீழே இறங்கின, பசித்தது. காலையில் இரண்டு இட்லியைத் தட்டில் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தவளுக்கு இப்போது கபகபவென்று பசித்தது.

"தெரிஞ்சுதான் கேக்கறேன்க்கா" என்றான் தயாளன். "தெரியாம ஒண்ணும் கேக்கலை. இவளை யார்கிட்ட விடறதுன்னு சுகந்தியும் நானும் மூணு மாசம் பேசினோம். அவங்க அம்மா வீடு இருக்கு, அவ தங்கச்சி இருக்கா. நான்தான் உன் பேரைச் சொன்னேன். மருந்து குடுக்கும்போது ரெண்டு தடவை எண்ணறவ நீ. ஒரு தடவை கையை விட்டவங்கதான் மறுபடி விட மாட்டாங்கன்னு எல்லாம் பெரிய பேச்சு நான் பேசலை. எனக்கு உன்னைத் தெரியும், அவ்வளவுதான்."

"எனக்கு ஒரு நாள் கோபம் வரும்டா."

"வரட்டும். சுகந்திக்கு வாரத்துல மூணு நாள் வருது. குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் குழாயைத் திறந்து விட்டுடுவா. இவ வெளியில நின்னு கதவைத் தட்டிக்கிட்டு இருப்பா. அஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டு பேரும் தோசை சாப்பிடுவாங்க."

கடல் விலகிக்கொண்டே போயிற்று. வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தென்னங்கன்றுகள், குழாயடியில் ஒரு பெண் குழந்தைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள், ஸ்டேஷன் கூரை தெரிந்தது, அடுத்த சுற்றுக்கு வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மிருதுளா போனைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கு அனுப்புப்பா, கடைசியில என் விரல் வந்துடுச்சு, அதை வெட்டிடு" என்றாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "அத்தைக்குக் கண்ணுல மண்ணா?"

"ஆமா" என்றாள் மங்கை. "காத்துல வந்து விழுந்துடுச்சு."

"ஊதட்டுமா?"

ஊதினாள். கன்னத்தில் எச்சில் தெறித்தது. மிளகாய்ச் சிப்ஸ் வாசனை வந்தது, முன் பெட்டிக்காரர்கள் எப்போது கொடுத்தார்கள், இவள் எப்போது வாங்கினாள், அதற்குள்ளேயா என்று மங்கை நினைத்துக்கொண்டாள். வண்டி வேகம் குறைந்தது. ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் என்னவெல்லாம் வேண்டும் என்று மனம் தானாக ஓட ஆரம்பித்தது, பின்னறையில் இருக்கிற தையல் மெஷினை நகர்த்தினால் கட்டில் போடலாம், ஜன்னலுக்குக் கீழ்க்கம்பி ஒன்று கூடுதலாக அடிக்க வேண்டும், பூனை இரவில் குழந்தை மேலே ஏறிப் படுக்கும், அதற்கு இவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஐப்பசியில் மழை தொடங்கினால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் ஜுரம் வரும்.

"இவ மாத்திரை முழுங்குவாளா, சிரப்தானா?" என்று தயாளனிடம் கேட்டாள்.

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு இரண்டு பைகளையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான், மாட்டிய பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். "சிரப்தான்" என்றான். "மாத்திரைன்னா துப்பிடுவா."

"துப்பட்டும்" என்றாள் மங்கை. "வாழைப்பழத்துல வெச்சுக் குடுத்துப் பழக்கிக்கறேன்."